நடத்தையைப் பழித்தால் அவதூறு வழக்கா? வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

சண்டை வந்தாலே எனக்கு வேறு தொடர்பு இருப்பதாகக் கணவர் சொல்கிறார். அவதூறு வழக்குப் போடலாமா?

உங்களிடம் மட்டும் சொன்னால் அவதூறு ஆகாது. மூன்றாம் நபர் ஒருவர் காதிலாவது விழுந்திருக்க வேண்டும். அதற்காகச் சகித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். ஓயாத இந்தப் பேச்சு மனரீதியான கொடுமை, விவாகரத்துக்கே காரணமாகலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்திலும் நிவாரணம் உண்டு.

கள்ள உறவு இப்போது குற்றமே இல்லையே, அப்புறம் எப்படி அவதூறு?

கள்ள உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை 2018-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது சரிதான். ஆனால் சொன்ன விஷயம் குற்றமாக இருக்கவேண்டியதில்லை. பிறர் பார்வையில் ஒருவரின் நடத்தையைத் தாழ்த்தினால் போதும்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என் ஓர்ப்படி, "சிலர் போடுகிற பதிவிரதை வேஷம் பிரமாதம்" என்று எழுதினாள். பெயர் இல்லை. போலீஸும் புகாரை வாங்கவில்லை.

பெயர் தேவையில்லை. உங்களைத்தான் சொல்கிறாள் என்று குரூப்பில் இருப்பவர்களுக்குப் புரிந்தால் போதும். கிண்டல்தானே என்றும் நழுவ முடியாது. குத்தலாகச் சொல்வதும் அவதூறாகலாம் என்று இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவே சொல்கிறது. தண்டனை இரண்டாண்டு வரை வெறுங்காவல் (கடின உழைப்பு இல்லாத சிறை), அபராதம், அல்லது சமூக சேவை. இதில் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாது. மாஜிஸ்திரேட்டிடம் நீங்களே தனிப்புகார் கொடுக்க வேண்டும். அதற்கு மூன்று ஆண்டு அவகாசம். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு என்றால் ஓராண்டுதான், பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று என்று போனை மாற்றிவிடாதீர்கள். மூலச் செய்தி அதிலேயே இருக்கட்டும். ஆத்திரத்தில் நீங்களும் பதிலுக்கு ஏதாவது எழுதினால், அவள் கையில் ஒரு வழக்கைக் கொடுத்த மாதிரி.

மனைவிக்கு வேறு தொடர்பு இருப்பதாக நான் சொன்னது உண்மை. மனைவியின் சாட் ஆதாரமாக இருக்கிறது. அவள் அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தாலே தப்பலாம். கிரிமினலில் அது போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். அவள் சக ஊழியர்கள் அதைப் படித்ததில் என்ன பொது நன்மை? எனக்குத் தெரிந்து எதுவுமில்லை.

கோர்ட்டில் எழுதிக் கொடுத்தால் பிரச்சினை இல்லைதானே?

வழக்குக்குத் தேவையானதை நல்லெண்ணத்தோடு சொன்னால் பாதுகாப்பு உண்டு. ஆதாரமில்லாமல் அடித்துவிட்டால் திருப்பியடிக்கும். மனைவியின் நடத்தையைப் பற்றி எதிர்வாதத்தில் கண்டபடி எழுதிய கணவர் ஒருவர், பிறகு அந்த வரிகளை நீக்கிவிட்டார். நீக்கினாலும் கொடுமை கொடுமைதான் என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, மனைவிக்கு விவாகரத்து கிடைத்தது.