பொறையார் அம்மாவும் வெண்கலக் குதிரையும்

அன்புள்ள ஐயா,

கோபன்ஹேகனில் வேலை பார்க்கிறேன். கோடைக்கு அம்மா வந்திருக்கிறார். சொந்த ஊர் பொறையார். போன சனிக்கிழமை அம்மா, மனைவி, ஏழு வயது மகள் எல்லோரும் துறைமுகக் கரையோரமாக நடந்தோம். நீஹவ்ன் வண்ண வீடுகள், அமாலியன்போர்க் அரண்மனையில் மதியம் காவலர் மாறும் அணிவகுப்பு, கடைசியில் கடற்கன்னி சிலை. சிலையைப் பார்த்ததும் அம்மா, "இதுக்கா இவ்வளவு தூரம் நடந்தோம்?" என்று கேட்டுவிட்டார். பாதி இடங்களில் முட்டி வலி என்று எங்கள் பைகளை வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு இதிலெல்லாம் ரசனை இல்லை. என் கேள்வி வேறு. மகள் கடற்கன்னிக் கதை கேட்கிறாள். அதன் சோகமான முடிவைக் குழந்தைக்குச் சொல்லலாமா?

கே.

அன்புள்ள கே.,

சொல்லலாம். ஏழு வயதுக் குழந்தை துக்கத்தைத் தாங்கும். கதையை எழுதிய ஆண்டர்சனே குழந்தைகளுக்குப் பயந்து முடிவை மாற்றவில்லை, நீங்கள் ஏன் மாற்ற வேண்டும்? சிலையைப் பற்றியும் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. 1913இல் வைத்தது, ஒன்றேகால் மீட்டர் உயரம். அம்மா கேட்டது நியாயமான கேள்வி.

உங்கள் கடிதத்தில் பொறையார் என்று படித்ததும்தான் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்ச நாளாக, பொறையாரை ஒட்டிய தரங்கம்பாடிக்கு வியாபாரத்துக்கு வந்த டேனிஷ் கம்பெனி விஷயமாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். தம்பி, பொறையார்க்காரரைக் கோபன்ஹேகன் துறைமுகத்தில் அத்தனை தூரம் நடத்தியிருக்கிறீர்கள். அவருடைய கடற்கரைக்கு அந்தத் துறைமுகத்திலிருந்துதான் கப்பல் வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? சொல்லாமல் விட்டுவிட்டு ரசனை இல்லை என்று எழுதுகிறீர்கள். படித்தபோது கோபம் வந்தது.

காவலர் மாறுவதைப் பார்க்க நின்றீர்களே, அந்தச் சதுக்கத்தின் நடுவில் ஒரு வெண்கலக் குதிரை இருக்கிறது. மேலே ஐந்தாம் ஃப்ரெடெரிக் மன்னர். சாலி என்ற பிரெஞ்சுச் சிற்பி வருஷக்கணக்கில் உழைத்துச் செய்தது, 1771இல் திறந்தார்கள். அந்தச் சிலைக்குப் பணம் கொடுத்தது டேனிஷ் ஆசியக் கம்பெனி. 1732இல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் கப்பல்கள் சீனாவுக்கும் தரங்கம்பாடிக்கும் போய்வந்தன. பெரிய லாபம் சீனத் தேயிலையில்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நம் கரையின் நெசவாளிகள் நெய்த பருத்தித் துணியும் அந்த வியாபாரத்தில் சேர்ந்தது. உங்கள் அம்மா பைகளோடு உட்கார்ந்திருந்த ஊர் அவருக்கு அந்நியமான ஊர் இல்லை.

என் பெரியம்மா பொறையாரில் வாழ்க்கைப்பட்டவர். பள்ளி விடுமுறைக்குப் போனால் எங்களைத் தரங்கம்பாடிக் கோட்டைக்குக் கூட்டிப்போவார். கடலைப் பார்த்த மதிலில் உட்கார்ந்துகொண்டு, "இத கட்டினவனோட ஊரு எப்படி இருக்கும்டா? அங்கயும் கடல் இப்படித்தான் இரையுமா?" என்று கேட்பார். எங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் சுண்டல் விற்றவரிடமும் கேட்பார். எட்டாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டவர் அவர். அப்படிப்பட்டவருக்கு இருந்த ஆவல் உங்கள் அம்மாவுக்கு இருக்காது என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? பெரியம்மா இன்றைக்கு இல்லை. உங்கள் அம்மா அந்த ஊரிலேயே வந்து நிற்கிறார்.

மறுபடி கூட்டிப்போங்கள். இந்த முறை நடக்க வைக்காதீர்கள். நீஹவ்னில் துறைமுகப் படகு ஏறுங்கள், பஸ் டிக்கெட்டே அதற்கும் செல்லும். க்னிப்பெல்ஸ்ப்ரோ பாலத்தருகே இறங்கலாம். ஒரு கரையில் பழைய பங்குச்சந்தை. நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு நின்ற கோபுரம் 2024 ஏப்ரல் தீயில் விழுந்ததே, அந்தக் கட்டடம்தான். அதைக் கட்டிய நான்காம் கிறிஸ்டியன் மன்னர்தான் 1618இல் ஓவே ஜெட்டே என்ற தளபதியைக் கிழக்கே கப்பல்களோடு அனுப்பியவர். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் ஆகி, தரங்கம்பாடியில் கோட்டை எழுந்தது. நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இதை அம்மாவிடம் நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள்.

எதிர்க்கரை கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன். அங்கே ஆசியச் சதுக்கம் என்றே ஓர் இடம் உண்டு. கம்பெனியின் பழைய அலுவலகமும், தண்ணீரை ஒட்டி 1750இல் கட்டி முடித்த சரக்குக் கிடங்கும் அங்கே நிற்கின்றன. வெளியுறவு அமைச்சகம் இருப்பதும் அங்கேதான். அம்மா உட்கார வேண்டிய இடம் அது.

அப்புறம் ஒன்று. டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயர் மாதிரி இல்லை, நல்லவர்கள் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை மகளிடம் சொல்லிவிடாதீர்கள். 1706இல் தரங்கம்பாடி வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவை அனுப்பியதும் ஒரு டேனிஷ் மன்னர்தான், சீகன்பால்கு அங்கே தமிழ் அச்சகம் நடத்தினார், எல்லாம் சரி. ஆனால் 1845இல் வியாபாரம் படுத்தபோது தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். அங்கே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தைக்குச் சோகக் கதை சொல்லலாமா என்று கேட்டீர்கள், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கிடங்கின் முன்னால் போனதும் நீங்கள் பேசாமல் இருங்கள். அம்மா கோட்டையைப் பற்றி, கடல் ஒரு பகுதியை அரித்துக்கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயிலைப் பற்றிப் பேத்தியிடம் பேசட்டும். பைகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் திரும்பும் டிக்கெட் என்றைக்கு என்று எழுதவில்லை. அதற்குள் போய்வந்து, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.