ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு பிரிட்டன் விலகிய பிரெக்ஸிட் குளறுபடிக்குக் காரணம் ஓட்டுப் போட்ட மக்களா, கட்சித் தலைவர்களா?

என்னைக் கேட்டால் தலைவர்கள்தான். இரண்டு பெரிய கட்சிகளின் தலைவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். மக்கள் மேல் பழி போட எனக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் அன்றைக்கு அந்த வரிசையில் நானும் நின்றேன்.

2016 ஜூன் 23, வாக்கெடுப்பு நாள். லண்டனில் மழை கொட்டித் தீர்த்த நாள். ஈஸ்ட் ஹாமில் குடியிருந்தேன். வேலை விசாவில் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். ஆனாலும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு வாக்குரிமை உண்டு என்பதால் எனக்கு ஓட்டு இருந்தது. மாடி வீட்டில் இருந்த போலந்துக்காரர் பன்னிரண்டு வருடமாக அங்கே வரி கட்டியவர், அவருக்கு இல்லை. எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணன், "ஐரோப்பாக்காரர் வாறது குறைஞ்சா எங்கட ஆக்களுக்கு விசா லேசாக் கிடைக்குமாம் தம்பி" என்று சொல்லிவிட்டு விலகலுக்குப் போட்டார். பிரசாரத்தில் அப்படித்தான் பேசினார்கள், அவர் நம்பினார். நான் நீடிப்பதற்குப் போட்டேன்.

சீட்டில் இருந்தவை இரண்டே கட்டங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா. விலகினால் நார்வே மாதிரி, சரக்கும் ஆட்களும் தடையில்லாமல் போய்வருகிற ஒற்றைச் சந்தைக்குள் இருக்கப்போகிறோமா, உள்ளுக்குள் சுங்க வரி இல்லாத சுங்க ஒன்றியத்தை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறோமா, எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போகப்போகிறோமா? இதற்கு அந்தச் சீட்டில் இடமில்லை. தலைவர்களும் அதற்குமுன் உட்கார்ந்து பேசி வைத்திருக்கவில்லை.

அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூன் 2013 ஜனவரியில் வாக்கெடுப்பை அறிவித்ததே சொந்தக் கட்சியின் பூசலை அடக்கத்தான். கன்சர்வேட்டிவ் எம்.பி.க்களில் ஒரு கூட்டம் பல ஆண்டுகளாக ஐரோப்பாவை எதிர்த்து வந்தது, வெளியே, ஒன்றியத்திலிருந்து விலகக் கோரிய யூகிப் கட்சி ஓட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது. நாட்டின் முன் வைக்க வேண்டிய கேள்வியைக் கட்சிக்காக வைத்தார். தோற்றால் என்ன செய்வது என்று அரசாங்கத்திடம் திட்டமே இல்லை. நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு அதை மாபெரும் அலட்சியம் என்றே கண்டித்தது. 51.9 சதவீதம் பேர் விலகலுக்குப் போட்டார்கள், மறுநாள் காலையில் அவர் ராஜினாமாவை அறிவித்தார்.

அடுத்த பிரதமராகத் தெரசா மே வந்தபோது இதைச் சரிசெய்ய வழி இருந்தது என்று இன்றும் நம்புகிறேன். 52க்கு 48 என்பது நாடு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது என்று காட்டுகிற கணக்கு. மற்ற கட்சிகளையும் கூப்பிட்டு, ஸ்காட்லாந்தையும் வட அயர்லாந்தையும் உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும். அந்த இரண்டு பகுதிகளும் நீடிப்பதற்கே பெரும்பான்மை கொடுத்திருந்தன. அவரோ 2017 ஜனவரியில், ஒற்றைச் சந்தையிலிருந்தும் சுங்க ஒன்றியத்திலிருந்தும் வெளியேறுவோம் என்று அறிவித்தார். மார்ச் 29 அன்று, விலகலைத் தொடங்கிவைக்கும் ஒன்றிய ஒப்பந்தத்தின் 50ஆம் பிரிவின்படி கடிதம் கொடுத்து, இரண்டு வருடக் கெடுவையும் ஓடவிட்டார். அதன் பிறகு தேர்தலுக்குப் போய் இருந்த பெரும்பான்மையையும் இழந்து, பிரிட்டனோடு இணைந்தே இருக்க விரும்பும் வட அயர்லாந்தின் டி.யூ.பி. கட்சியின் 10 எம்.பி.க்களை நம்பி ஆட்சி நடத்தினார்.

அந்த வட அயர்லாந்துதான் இதில் மிகவும் வலிக்கிற இடம். பல ஆயிரம் உயிர்களைக் காவு வாங்கிய சண்டை 1998 அமைதி உடன்படிக்கையோடு ஓய்ந்து, பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள அயர்லாந்துக்கும் நடுவே எல்லையில் சோதனைச் சாவடிகள் இல்லாமல் போயின. பிரிட்டன் சுங்க ஒன்றியத்தை விட்டால் சரக்குச் சோதனை எங்கேயாவது நடந்தாக வேண்டும். நிலத்தில் வைத்தால் அமைதிக்கு ஆபத்து, இடையிலுள்ள கடலில் வைத்தால் வட அயர்லாந்தைப் பிரிட்டனிலிருந்தே பிரித்ததாகும். வாக்கெடுப்புக்கு முன்பே மேடைதோறும் பேசியிருக்க வேண்டிய விஷயம் இது. ஈஸ்ட் ஹாமில் எனக்குத் தெரிந்து ஒருவர்கூட இதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

2019 ஜனவரியில், ஒன்றியத்தோடு மே பேசி முடித்த விலகல் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 432க்கு 202 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் 118 பேர் அவர் கட்சிக்காரர்களே. பின்னும் இரண்டு முறை தோற்றது.

என்னால் மறக்க முடியாதது அதே வருடம் ஏப்ரல் 1 இரவு. சுங்க ஒன்றியத்தில் நீடிக்கலாம் என்று கன்சர்வேட்டிவ் எம்.பி. கென்னத் கிளார்க் கொண்டுவந்த தீர்மானம் 273க்கு 276. மூன்றே ஓட்டில் போனது! மறு வாக்கெடுப்பு கேட்டவர்களில் பலர், தங்களுக்கு வேண்டியது முழுதாகக் கிடைக்கும் என்று எண்ணி இதற்கு ஆதரவு தரவில்லை. ஒற்றைச் சந்தையையும் சேர்த்துக் கேட்ட தன் தீர்மானமும் தோற்றதும், இன்னொரு கன்சர்வேட்டிவ் எம்.பி. நிக் போல்ஸ் தன் கட்சி விட்டுக்கொடுக்க மறுக்கிறது என்று சொல்லி, குரல் உடைந்து, அவையிலேயே கட்சியைவிட்டு விலகினார். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

லேபர் கட்சியும் தப்ப முடியாது. அவர்கள் தொகுதிகளில் பெரும்பாலானவை விலகலுக்குப் போட்டவை, அவர்களுடைய வாக்காளர்களில் பெரும்பாலோர் நீடிக்க விரும்பியவர்கள். இரண்டு பக்கத்தையும் இழக்க அஞ்சி, அதன் தலைவர் ஜெரமி கோர்பின் கடைசிவரை ஒரு பக்கமும் உறுதியாக நிற்கவில்லை. 2019 டிசம்பர் தேர்தலில் 1935க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த மிகக் குறைவான இடங்கள் அவை.

மேக்குப் பிறகு பிரதமரான போரிஸ் ஜான்சன், ஐரிஷ் கடலில் சுங்க எல்லை வருவதை எந்தக் கன்சர்வேட்டிவ் அரசும் ஏற்காது என்று டி.யூ.பி. மாநாட்டில் 2018இல் பேசினார். மறு வருடமே அந்த எல்லையை உண்டாக்கும் ஒப்பந்தத்தை ஏற்றார். தனக்கு எதிராக ஓட்டளித்த 21 எம்.பி.க்களை, சர்ச்சிலின் பேரன் உட்பட, கட்சியின் அவைக் குழுவிலிருந்து நீக்கினார். 80 இடப் பெரும்பான்மையோடு ஜெயித்தார், உண்மைதான். ஆனால் அந்தக் கடல் எல்லையை எதிர்த்து டி.யூ.பி. அங்குள்ள ஆட்சியிலிருந்து வெளியேறியதால், 2022 பிப்ரவரியிலிருந்து இரண்டு வருடம் வட அயர்லாந்தில் மாகாண அரசே முடங்கிக் கிடந்தது.

போலந்துக்காரர் 2019 கோடையில் குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டார். அவருக்குத் தங்கும் உரிமை கிடைத்திருக்கும், நானும் எடுத்துச் சொன்னேன். மூன்று வருடமாக ஒவ்வொரு மாதமும் ஒரு சேதி மாறுகிறது, மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்றுகூட முடிவெடுக்க முடியவில்லை என்றார். சாமான் ஏற்றும்போது மளிகைக்கடை அண்ணனும் வந்து பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தார்.