ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரிக்கு அடியில் இருந்த சாக்கடை

கேள்வி: கிரிமியப் போரில் நைட்டிங்கேல் அம்மையார் போனதும் சாவு குறைந்தது என்று பள்ளியில் படித்தோம். போன பிறகு கூடியது என்கிறார் என் அண்ணன். எது சரி?
– வாசகி, திண்டுக்கல்

உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி நடத்திய போர் அது. 38 தாதியரோடு அவர் பிரிட்டிஷ் படையின் ஆஸ்பத்திரி இருந்த ஸ்கூட்டாரிக்கு (இன்றைய இஸ்தான்புல்லின் உஸ்குதார்) வந்தது 1854 நவம்பர் 4. அடுத்த பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 427 பேர் இறந்தார்கள். பணிவிடையில் குறையில்லை, கொன்றது கட்டடம். துருக்கியர் கொடுத்த பழைய படைவீட்டைத்தான் ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். அடியில் போன சாக்கடைகள் அடைத்துக் கிடந்தன. கக்கூஸ் குழாய் வழியாக நாற்றம் மேலே ஏறி வார்டுக்கே வந்தது. குழாய் அடைத்ததும் மலநீர் தரையில் வழிந்தது. வயிற்றுப்போக்குக்காரன் வெறுங்காலோடு அதை மிதித்துப் போய், அதே காலோடு படுக்கைக்குத் திரும்பினான். நோயாளிகள் கூடக்கூட இது பெருகத்தானே செய்யும்?

1855 மார்ச்சில் டாக்டர் சதர்லண்டும் பொறியாளர் ராலின்சனும் அடங்கிய சுகாதாரக் குழு வந்தது. சாக்கடையைத் தோண்டித் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கூரையில் காற்றுவழி திறந்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். குடிநீர் வரும் கால்வாயில் செத்த குதிரை ஒன்று கிடந்தது, அதை அகற்றினார்கள். ஜூனில் சாவு ஆயிரத்துக்கு 22. நெரிசல் குறைந்ததும் குளிர் போனதும் உதவின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கெட்ட காற்றுதான் நோய் தருகிறது என்று அவர்கள் நம்பியது தவறு. ஆனாலும் அந்த நம்பிக்கையில் செய்த வேலை சரியான வேலையாக அமைந்தது.

கேள்வி: குண்டடிபட்டு இறந்தவர்கள்தானே அதிகம்?
– வாசகர், காரைக்குடி

இல்லை. பிரிட்டிஷ் படையில் களத்திலேயே விழுந்தவர்கள் சுமார் 2,700, காயத்தால் பிறகு இறந்தவர்கள் சுமார் 2,000. நோயால் மாண்டவர்கள் 16,000-க்கும் மேல்.

கேள்வி: நோயாளிகளுக்குச் சாப்பாடாவது ஒழுங்காகக் கிடைத்ததா?
– வாசகர், நாகர்கோவில்

கிடைத்தது, தின்ன முடியவில்லை. நோயாளிகளின் ஒவ்வொரு குழுவுக்கும் உரிய இறைச்சியை குச்சியில் இறுக்கிக் கட்டி, அடையாளத்துக்குக் கந்தல் துணியோ ஆணியோ பொத்தானோ கோத்துப் பெரிய செப்பு அண்டாவில் போட்டார்கள். இறுகிய கட்டுக்குள் வெந்நீர் புகவில்லை. வெளியே வெந்து குழைந்தது, உள்ளே பச்சை. வெந்த நீரைக் கொட்டிவிட்டார்கள். 1855-ல் வந்த சமையல் வல்லுநர் அலெக்சி சுவாயே கட்டைத் தளர்த்தச் சொன்னார், அந்த நீரையே சூப்பாக்கினார்.

இதைவிட வயிறெரிவது எலுமிச்சைச் சாறு விஷயம். போர்முனையில் ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி பரவியிருந்த நேரம். 1854 டிசம்பரில் சுமார் 9,000 கிலோ சாறு கிரிமியாவில் இருந்த பலக்ளாவா துறைமுகத்துக்கு வந்து இறங்கியது. பிப்ரவரி வரை ஒரு சிப்பாய்க்கும் அது போய்ச் சேரவில்லை. தினப்படி ரேஷனில் அதைச் சேர்க்கச் சொல்லும் உத்தரவு எதுவும் இல்லை என்பதுதான் காரணம்.