சைமன் காசிச்செட்டி: ஒரு நீதிபதி தொகுத்த புலவர் வரலாறு

நீதித்துறையிலும் சட்டசபையிலும் பணியாற்றி, வரலாற்றாசிரியராகவும் விளங்கிய இலங்கைத் தமிழர் எவரேனும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் யாழ்ப்பாணத்தவர் அல்லர். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. புத்தளத்தில் மணியகாரராக, அதாவது அரசு நியமித்த உள்ளூர்த் தலைமை அதிகாரியாக, இருந்த அவர், 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார்; பின்னர் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியானார்; 1860இல் காலமானார்.

பதவிகளை முடித்துக்கொண்டு வரலாற்றுக்கு வந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையில் விவரிக்கும் அவருடைய 'சிலோன் கசற்றியர்' 1834இலேயே, அதாவது அவர் சபைக்குள் நுழைவதற்கு முன்பே, முப்பது வயதும் நிரம்பாத காலத்தில் வெளிவந்துவிட்டது. குடிகளையும் நிலத்தையும் ஊர் வழக்கங்களையும் கேட்டறிவது மணியகாரரின் அன்றாட வேலை. அந்தப் பழக்கமே அவரை வரலாற்றின் பக்கம் திருப்பியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் ஊரோடு அவரைப் பிணைப்பது 1859இல் யாழ்ப்பாணத்து றிப்ளி அன்ட் ஸ்ட்ரோங் அச்சகத்தில் அச்சான 'தமிழ் புளூராக்' (The Tamil Plutarch); பெரியோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய பண்டைய கிரேக்கர் புளூட்டாக்கின் பெயரைத் தாங்கியது. இருநூறு அளவிலான தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்துத் தந்த இந்நூலில் ஈழத்துப் புலவர்களுக்கும் இடம் உண்டு. சங்க நூல்கள் பல அச்சேறாமல் ஏட்டிலேயே கிடந்த காலத்தில், அரச உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஒருவர் இத்தனை பெயர்களைத் திரட்டியது சாதாரண உழைப்பன்று. ஆயினும், திருவள்ளுவரும் ஔவையாரும் உடன்பிறந்தவர்கள் என்ற செவிவழிக் கதையை அவர் விட்டுவிடவில்லை. சாட்சியத்தை உரசிப் பார்க்க வேண்டிய ஒரு நீதிபதி, புலவர்கள் விடயத்தில் இவ்வளவு இளகிய மனத்தோடு இருந்தது எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது.

அவர் போட்ட பாதையில் யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை நடந்து, 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்ற விரிவான நூலைத் தமிழிலேயே தந்தார். காசிச்செட்டியைப் படிக்க விரும்பினால், தமிழறிஞர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு 1946இல் கொழும்பில் வெளிவந்த 'தமிழ் புளூராக்' பதிப்பைத் தேடிப் பிடியுங்கள். அக்குறிப்புகளின் துணையின்றி, காசிச்செட்டி தரும் காலக் கணிப்புகளை அப்படியே எடுத்தாள வேண்டாம்.