ஸ்லெட் பந்தய நாய்களுக்குத் தனித்தனிக் குணம் உண்டா? அது ஓட்டத்தில் தெரியுமா?

பனிமேல் சறுக்கிச் செல்லும் ஸ்லெட் வண்டியை இழுத்துப் பந்தய அணியில் ஓடும் நாய்கள் எல்லாம் பயிற்சியால் ஒரே மாதிரி ஆகிவிடுமா, அல்லது ஒவ்வொன்றின் குணமும் ஓட்டத்தில் வெளிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிப்படும், எந்த நாயை எங்கே பூட்டுவது என்பதையே பெரும்பாலும் குணம்தான் முடிவு செய்கிறது. அலாஸ்காவில் ஃபேர்பாங்க்ஸ் அருகே நாய் அணி வைத்திருந்த ஒரு குடும்பத்தாரிடம் ஒரு குளிர்காலம் முழுவதும் உதவியாளனாக இருந்தேன். உணவு கலக்கி ஊற்றுவதும், பாதங்களுக்குத் துணிக் காலுறை மாட்டுவதும், கழிவு அள்ளுவதும் என் வேலை. முதல் வாரம் நாற்பதும் ஒரே நாயாகத் தெரிந்தன. மாதம் முடிவதற்குள், இருட்டில் குரைப்பைக் கேட்டே இன்ன நாய் என்று சொல்லும் அளவுக்கு அவை எனக்கு வேறு வேறாகிவிட்டன.

ஸ்லெட் வண்டிக்குக் கடிவாளம் கிடையாது. பின்னால் நின்று அணியை ஓட்டும் மஷருக்குத் தம் குரல் ஒன்றுதான் கைப்பிடி: வலப்புறம் திரும்ப 'ஜீ', இடப்புறம் திரும்ப 'ஹா'. அதைக் கேட்டு முழு அணியையும் திருப்புபவை முன்னால் ஓடும் லீடர் நாய்கள். அவற்றுக்குப் பின்னே ஸ்விங் நாய்கள், நடுவில் டீம் நாய்கள், வண்டியை ஒட்டி வீல் நாய்கள். வண்டியின் ஒவ்வொரு குலுக்கலும் வீல் நாய்களின் முதுகில்தான் முதலில் விழும் என்பதால், அங்கே பதற்றமில்லாத, உடல் உறுதியுள்ள நாயைப் பூட்டுவார்கள்.

லீடர் இடத்துக்கு உடல் வலிமை இரண்டாம்பட்சமே. நான் இருந்த இடத்தில் இரண்டு வயது ஆண் நாய் ஒன்று, எல்லாவற்றிலும் பலசாலி, அணி புறப்படுவதற்குள் துள்ளித் துள்ளிக் கயிற்றைக் கடித்துவிடும். ஒரு நாள் அதை முன்னால் பூட்டினார்கள். அரை மைல் போவதற்குள் பத்து முறையாவது திரும்பிப் பார்த்திருக்கும். கயிறு தளர்ந்து பின்னால் வந்த நாய்கள் அதன்மேல் வந்து முட்டின. மறுநாள் ஸ்விங் இடத்துக்கு மாற்றியதும் பழையபடி உற்சாகமாக இழுத்தது. மாறாக, மனிதர் கை நீட்டினால் கூண்டுக்குள் ஒளியும் ஒரு சிறிய பெண் நாய், லீடராகப் பூட்டப்பட்டால் ஒரு முறைகூடத் திரும்பாது. துரத்திச் செல்ல எதிரில் ஒரு முதுகு இல்லாமல் ஓடுவது தனி வகைத் துணிவு என்பதை அந்த இரண்டும்தான் எனக்குக் காட்டின.

நீண்ட பந்தயத்தில் இன்னொரு குணமும் முக்கியம்: பசி. ஆங்கரேஜிலிருந்து நோம் வரை சுமார் 1,600 கிலோமீட்டர் போகும் இடிட்டரோட் பந்தயத்தில், இருபது, இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு நாய்க்கு நாளொன்றுக்கு 10,000 கலோரி அளவுக்குத் தேவைப்படுகிறது. களைத்த நிலையிலும், புயலிலும், புது இடத்திலும் தயங்காமல் உண்ணும் நாய் மூன்றாம் நாளும் ஓடும். மூக்கால் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுக்கும் நாய் எவ்வளவு வேகமானதானாலும் வழியிலுள்ள சோதனை நிலையத்தில் கால்நடை மருத்துவர்களிடம் விடப்பட நேரும். வெறும் தண்ணீரைப் பல நாய்கள் குடிப்பதில்லை என்பதால், இறைச்சிச் சாறு கலந்து ஊற்றியே குடிக்க வைத்தோம்.

குணத்தைக் கணிப்பதில் தேர்ந்த மஷர்களும் தவறியிருக்கிறார்கள். 1925-இல் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோய் பரவியபோது, நெனானா என்ற ஊரிலிருந்து சுமார் 1,085 கிலோமீட்டருக்கு 20 மஷர்கள் கை மாற்றி மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். அதில் மிக நீண்ட பகுதியை ஓடியவர் லியோன்ஹார்ட் செப்பாலா. அவருடைய லீடர் டோகோவுக்கு அப்போது 12 வயது. குட்டியாக இருந்தபோது அடங்காத இந்த நாய் தமக்கு உதவாது என்று செப்பாலா அதை வேறொரு வீட்டுக்குக் கொடுத்திருந்தார். அது சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவரிடமே திரும்பி ஓடிவந்தது. அதே அடங்காமைதான் பின்னாளில் நார்ட்டன் விரிகுடாவின் உறைபனியைக் கடக்க உதவியது என்பது என் கருத்து. பால்டோ என்ற இன்னொரு நாயும் செப்பாலாவுடையதுதான். அதை அவர் முதல்தர லீடராக மதிக்கவில்லை. ஆனால் குன்னர் காசன் என்ற மஷர் அதையே முன்னால் பூட்டினார். கண் தெரியாத பனிப்புயலில் கடைசிக் கட்டத்தில் பாதை தவறாமல் மருந்தை நோமுக்குக் கொண்டுவந்தது பால்டோவின் அணி.

குணம் ஒரு நாயோடு நிற்பதில்லை, அணி முழுவதற்கும் பரவும் என்பதற்கு 2019 இடிட்டரோட் பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். நிக்கோலா பெட்டி என்ற மஷர் முன்னணியில் இருந்தார். ஷாக்டூலிக்கிலிருந்து கோயுக் நோக்கிச் செல்லும் வழியில் ஒரு நாய் மற்றொன்றின்மேல் பாய, அவர் அதை உரக்க அதட்டினார். அணி முழுவதும் அதைக் கேட்டது; அதன்பின் ஒரு நாயும் நகர மறுத்துவிட்டது. அவற்றின் உடலில் குறையில்லை, சிக்கல் மனதில்தான் என்று அவரே சொன்னார். பின்னால் வந்த அணிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. அவர் பந்தயத்திலிருந்து விலக நேர்ந்தது. அந்த ஆண்டு பீட்டர் கைசர் வென்றார். அலாஸ்காவின் பூர்வகுடிகளான யூபிக் மக்களில் இப்பந்தயத்தை வென்ற முதல் மனிதர் அவர்.

நான் உதவிக்குச் சேர்ந்த முதல் நாளே, பூட்டிய அணியின் அருகில் எந்த நாயிடமும் குரலை உயர்த்தக் கூடாது என்று அந்த வீட்டுப் பெரியவர் சொல்லியிருந்தார். அப்போது அதை நாய்களின் மீதுள்ள பரிவு என்று மட்டுமே எடுத்துக்கொண்டேன். ஷாக்டூலிக் செய்தியைப் படித்த அன்று அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் முதலில் விசாரித்தது பந்தய முடிவை அல்ல, அந்த நாய்கள் உணவு எடுத்தனவா என்பதைத்தான்.