இல்லாதவளை எப்படிக் கணக்கெடுப்பது?

கேள்வி: புள்ளியியல் படிக்கிறேன். பிறப்பு, இறப்புப் பதிவு சரியாக நடக்காத மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில், பிரசவத்தில் இறந்த தாய்மாரை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? நீங்கள் காம்பியாவில் கணக்கெடுப்புக்குப் போனதாக எழுதியிருந்தீர்களே?
- ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: உடன்பிறந்தவர்களைக் கேட்டுத்தான், அம்மா. 'இந்த வருடம் உங்கள் வீட்டில் பிரசவத்தில் யாராவது தவறினார்களா?' என்று கேட்டுக்கொண்டு நூறு வீடு ஏறினாலும் ஒருவர்கூட அகப்படாமல் போகலாம். அதை வைத்து விகிதம் போட முடியாது. அதனால் கேள்வியை மாற்றினார்கள். உடன்பிறந்த பெண்களில் கல்யாண வயதை எட்டியவர்கள் எத்தனை பேர்? இப்போது உயிரோடு எத்தனை பேர்? இறந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, பிரசவமாகி ஆறு வாரத்துக்குள்ளோ போனவர்கள் எத்தனை பேர்? நான்கே கேள்வி. ஒரே திண்ணையில் நான்கைந்து பெண்களின் கதை கிடைத்துவிடும். 1980களின் பிற்பகுதியில் இதைக் களத்தில் சோதித்துப் பார்த்ததே காம்பியாவில்தான். ஒரு குறை, கிடைக்கும் எண் சுமார் 12 வருடம் பழையது. போன வருடம் ஊருக்கு வந்த நர்ஸால் பலன் உண்டா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

அப்புறம், எடுத்த எடுப்பில் சாவைப் பற்றிக் கேட்க முடியாது. ஊர்த் தலைவர் 'அல்காலோ'வுக்குக் கோலாக்கொட்டை கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். மாண்டிங்கா மொழியில் 'வீட்டில் எல்லாரும் எங்கே?' என்பதே நலம் விசாரிப்பு. 'இருக்கிறார்கள்' என்பதே பதில். வீட்டில் யாராவது காய்ச்சலில் கிடந்தாலும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்.

எங்கள் படிவத்தில் 'சகோதரி' என்று மொட்டையாக இருந்தது. ஒரு வளவில் இரண்டு மூன்று மனைவியர் இருக்கும் ஊர். முதல் நாள் ஒரு பெரியவர் பதினாறு சகோதரிகளை அடுக்கினார்! கூட வந்த உள்ளூர்ப் பையன்தான் விளக்கினான்: ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் 'பாடிங்', அப்பா மட்டும் ஒன்றானால் 'ஃபாடிங்'. 'பாடிங்' என்று கேட்டதும் பதினாறு நான்கானது.

பிள்ளைகள் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். 'எத்தனை பிள்ளைகள்?' என்றால் இருப்பவர்களை மட்டும் சொல்வார்கள். கூட இருப்பவர்கள், வேறு ஊரில் வளர்பவர்கள், இறந்தவர்கள் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். சில சமயம் பெயரே காட்டிக்கொடுக்கும். அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடையே, அடுத்து பிறப்பதற்கு 'கென் புகுல்' என்று பெயரிடும் வழக்கம் வோலோஃப் மக்களிடம் உண்டு. 'யாருக்கும் வேண்டாதது' என்று பொருள். நம் ஊர்ப் பிச்சையும் குப்பம்மாளும் எப்படி வந்தார்கள் என்று உங்கள் பாட்டிக்குத் தெரியும். மூன்று பிள்ளைகள் என்று சொன்ன ஒருத்தியின் கடைக்குட்டிக்கு அந்தப் பெயர். மறுபடி கேட்டேன். கம்பு குத்திக்கொண்டிருந்த உலக்கையை நிறுத்தாமலே, 'அதற்கு முன்னால் இரண்டு' என்றாள்.