கடற்படை அதிகாரி ஆக எந்த ரெக்ரூட்டரைப் பார்ப்பது?

கேள்வி: நாங்கள் பல வருடங்களாக டெக்சாஸில் இருக்கிறோம். மகள் இங்கேயே பிறந்தவள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறாள். அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாகச் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. பக்கத்து ஷாப்பிங் சென்டரில் இருக்கும் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போனோம். “முதலில் மாலுமியாகச் சேரட்டும், உள்ளே போனபிறகு அதிகாரி ஆகிக்கொள்ளலாம்” என்று சொல்லி, தேர்வுக்கு நாளும் குறித்துக் கொடுத்தார்கள். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. எதிலும் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டோம். இணையத்தில் விவரம் பதிந்தால் திரும்பவும் அதே அலுவலகத்திலிருந்துதான் ஃபோன் வருகிறது. சரியான ஆளை எங்கே தேடுவது? நான் பேசினால் காரியம் நடக்குமா? கிரீன் கார்டில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கும் இதே ஆசை. அவனுக்கு வழி உண்டா?

ஒரு தாய், டெக்சாஸ்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கையெழுத்துப் போடாமல் வந்தீர்களே, அது ரொம்ப நல்லது. உங்கள் மகளுக்கு எல்லாக் கதவும் இன்னும் திறந்தே இருக்கிறது.

அந்த அலுவலகத்தில் இருந்தவர் உங்களை ஏமாற்றப் பார்த்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆர்மி, மரீன், ஏர் ஃபோர்ஸ் பலகைகளுக்குப் பக்கத்தில் நேவி பலகை மாட்டிய இந்தச் சின்ன அலுவலகங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் மாலுமிகளைச் சேர்ப்பவர்கள். என்லிஸ்டெட் ரெக்ரூட்டர் என்பார்கள். இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று அவர்களுக்கு இலக்கு உண்டு. உங்கள் மகள் அதிகாரியானால் அவர் கணக்கில் அது வராது. பட்டம் வாங்கப்போகிற பெண் எதிரில் வந்து உட்கார்ந்தால், தனக்குத் தெரிந்த வழியைத்தான் அவர் காட்டுவார்.

அதிகாரிகளைச் சேர்க்கத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். ஆபீசர் ரெக்ரூட்டர் என்று பெயர். நேவி டேலண்ட் அக்விசிஷன் குரூப் எனப்படும் வட்டார அலுவலகங்களின் கீழ் அவர்கள் வேலை செய்கிறார்கள். இந்த அலுவலகங்களுக்கெல்லாம் தலைமையகம் டென்னசியில், மில்லிங்டன் என்ற ஊரில் இருக்கிறது. ஒரு வட்டார அலுவலகத்தின் எல்லை மிகப் பெரியது. அதில் அதிகாரிப் பணிக்கான ரெக்ரூட்டர்கள் சிலர்தான். அதனால் உங்களுக்கு உரிய ஆள் பக்கத்துத் தெருவில் இருக்கமாட்டார். பல மணி நேரம் கார் ஓட்டிப் போகவேண்டிய ஊரில் இருக்கலாம். பரவாயில்லை, முக்கால்வாசி வேலை ஃபோனிலும் மின்னஞ்சலிலுமே முடிந்துவிடும்.

“உள்ளே போனபிறகு அதிகாரி ஆகலாம்” என்பது பொய்யில்லை. மாலுமியாகச் சேர்ந்து அதிகாரியானவர்கள் நிறையப் பேர் உண்டு, அதற்கென்றே திட்டங்களும் இருக்கின்றன. ஆனால் அங்கே போனபின் விண்ணப்பிக்கவே மேலதிகாரியின் பரிந்துரை வேண்டும், வேலைப் பளுவுக்கு நடுவே விண்ணப்ப வேலை பார்க்க வேண்டும், போட்டியும் அதிகம். பட்டம் இல்லாதவர்களுக்கு அது நல்ல ஏணி. கையில் இன்ஜினியரிங் பட்டத்தோடு இருப்பவள் முதலில் நேராக விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. தேர்வாகவில்லை என்றால் அப்போது மற்றதை யோசிக்கலாம்.

யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அவர் எந்தத் தேர்வைப் பற்றிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். ஆஸ்வாப் என்றால் அது மாலுமிகளுக்கான தேர்வு. அதிகாரியாக விண்ணப்பிப்பவர்கள் எழுதுவது ஓஏஆர். கணக்கு, வாசித்துப் புரிந்துகொள்ளுதல், இயந்திரவியல் அறிவு என்று மூன்று பகுதி, மதிப்பெண் 20-லிருந்து 80 வரை. விமானியாக விரும்புகிறவர்கள் இதோடு சேர்த்து ஏஎஸ்டிபி என்ற முழுத் தேர்வையும் எழுத வேண்டும். அதேபோல, இல்லினாய்ஸில் இருக்கும் கிரேட் லேக்ஸுக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாகப் பேசினால் அது மாலுமிப் பாதை. ரோட் ஐலண்டில் நியூபோர்ட் என்றால் அதிகாரிப் பாதை. உங்களுக்கு நாள் குறித்துக் கொடுத்தது ஆஸ்வாப் தேர்வுக்காகத்தான் இருக்கும். மரியாதையாக ஒரு வரி எழுதி அதை ரத்து செய்யச் சொல்லுங்கள்.

சரி, ஆளை எப்படிப் பிடிப்பது? இணையப் படிவத்தில் பட்டப்படிப்பு, முடிக்கும் மாதம், அதிகாரிப் பணியில்தான் ஆர்வம் என்ற மூன்றும் தெளிவாக இல்லாவிட்டால், விண்ணப்பம் வீட்டு அஞ்சல் குறியீட்டைப் பார்த்துப் பக்கத்து அலுவலகத்துக்கே போய்விட வாய்ப்பு அதிகம். அடுத்த முறை அங்கிருந்து ஃபோன் வந்தால், “அதிகாரிப் பணிகளுக்கு மட்டும்தான் விண்ணப்பிக்கிறேன், எங்கள் வட்டாரத்து ஆபீசர் ரெக்ரூட்டரின் பெயரும் மின்னஞ்சலும் கொடுங்கள்” என்று மகள் கேட்கட்டும். பெரும்பாலானவர்கள் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் வட்டார அலுவலகத்தின் பொது எண்ணுக்குப் போட்டு அதையே கேட்கலாம்.

இதைவிட நல்ல வழி அவள் கல்லூரியிலேயே இருக்கலாம். கல்லூரிகளில் நடக்கும் வேலைவாய்ப்பு முகாம்களுக்கு ஆபீசர் ரெக்ரூட்டர்கள் வருவார்கள், அதுவும் இன்ஜினியரிங் மாணவர்களைத் தேடியே வருவார்கள். கல்லூரியில் படிக்கும்போதே அதிகாரிப் பயிற்சி கொடுக்கும் நேவி ஆர்ஓடிசி பிரிவு இருக்கும் கல்லூரி என்றால், அந்த அலுவலகத்துக்கு நேராகப் போய், கடைசி வருடம் படிப்பவர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் போதும். அவர்கள் திட்டத்தில் சேரக் காலம் கடந்திருக்கும், ஆனால் யாரைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆபீசர் ரெக்ரூட்டர் என்றால் அவரே அதிகாரியாக இருந்தாக வேண்டும் என்றில்லை. அனுபவமுள்ள மூத்த மாலுமிகளும் இந்த வேலையைப் பார்க்கிறார்கள். தோள் பட்டையைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். அதோடு, எல்லா அதிகாரிப் பணிக்கும் ஒரே ஆள் என்றும் நினைக்க வேண்டாம். மருத்துவர், பல் மருத்துவர், செவிலியர் ஆகியோரைச் சேர்ப்பவர்கள் தனி. வழக்கறிஞர்களுக்குக் கடற்படையின் சட்டப் பிரிவான ஜேக் கோர் தானே விண்ணப்பம் வாங்குகிறது. உங்கள் மகளுக்குப் பொருந்தும், கட்டுமானப் பணிகளைப் பார்க்கும் சிவில் இன்ஜினியர் கோரில் அந்தப் பிரிவு அதிகாரிகளே நேர்காணல் செய்வார்கள்.

முதல் மின்னஞ்சலை மகள் எழுதும்போது கனவு, நாட்டுப்பற்று எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம், அதற்கு விண்ணப்பத்தில் தனிக் கட்டுரை இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை உண்டு, பிறந்த தேதி, கல்லூரி, பாடம், இதுவரை எடுத்த ஜிபிஏ (சராசரி மதிப்பெண்), பட்டம் வாங்கும் மாதம், விருப்ப வரிசையில் இரண்டு மூன்று பணிகள், பெரிய நோய் அல்லது அறுவை சிகிச்சை ஏதாவது, ஃபோனில் பேச வசதியான நேரம். இவ்வளவும் பத்து வரிக்குள் அடங்கிவிடும். மதிப்பெண் பட்டியலையும் ரெஸ்யூமேயையும் இணைத்துவிட்டால் அவர் திரும்பக் கேட்க ஒன்றும் இருக்காது. நூறு பேரின் அரைகுறைக் கடிதங்களுக்கு நடுவில் இப்படி ஒன்று வந்தால் உடனே ஃபோனை எடுக்கத் தோன்றும்.

ஃபோனில் பேசும்போது அவளும் அவரைக் கேட்க வேண்டும். இந்தப் பணிக்கு அடுத்த தேர்வுக் குழு எப்போது கூடுகிறது? அதற்கு எந்த நாளுக்குள் எல்லாக் காகிதமும் கொடுக்க வேண்டும்? இந்த நிதியாண்டுக்கான இடங்கள் இன்னும் இருக்கின்றனவா? அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. இடங்கள் நிரம்பிவிட்டால் அடுத்த நிதியாண்டு வரை காத்திருக்க நேரலாம், அது ரெக்ரூட்டரின் தவறு அல்ல. ஒவ்வொரு பணிக்கும் வயது, பாடம், மதிப்பெண், உடல்தகுதி என்ன என்று சொல்லும் புரோகிராம் ஆதரைசேஷன் என்ற ஆவணத்தைக் கடற்படை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பேசும் விண்ணப்பதாரரை யாரும் சுற்றவிட முடியாது. நல்ல ரெக்ரூட்டர் தெரியாததைத் “தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்” என்பார், இரண்டு நாளில் கேட்டுச் சொல்லியும் விடுவார். நான் அதிகம் மதிப்பது அந்தக் குணத்தைத்தான். “கண்டிப்பாகக் கிடைத்துவிடும்” என்று வாக்குக் கொடுப்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முடிவெடுப்பது தேர்வுக் குழு. ரெக்ரூட்டரால் விண்ணப்பத்தைச் சீராகக் கட்டிக் கொடுக்கத்தான் முடியும்.

இன்ஜினியரிங் என்றதுமே அணுசக்திப் பிரிவைப் பற்றி அவர் பேசுவார், தயாராக இருங்கள். அணு உலையில் ஓடும் நீர்மூழ்கிகளுக்கும் விமானந்தாங்கிக் கப்பல்களுக்கும் அதிகாரிகள் எப்போதும் தேவை. கால்குலஸும் கால்குலஸோடு கூடிய இயற்பியலும் படித்தவர்களைத் தேடித் தேடி எடுப்பார்கள். தேர்வாகிறவர்களுக்குப் படிக்கும்போதே சம்பளம் கொடுக்கும் திட்டமும் உண்டு. அமெரிக்க அணுசக்திக் கடற்படையை உருவாக்கிய அட்மிரல் ரிக்கோவர் காலத்திலிருந்து ஒரு வழக்கம் இருக்கிறது: அணுசக்திப் பிரிவின் தலைவரான அட்மிரலே ஒவ்வொருவரையும் வாஷிங்டனில் நேர்காணல் செய்து முடிவெடுப்பார். பெண்களுக்கு நீர்மூழ்கிப் பணியில் இருந்த தடை 2010-ல் நீங்கிவிட்டது. உங்கள் மகளுக்குப் பிடித்திருந்தால் அருமையான வேலை. பிடிக்கவில்லை என்றால், அதுதான் சுலபமாகக் கிடைக்கும் என்பதற்காகத் தலையாட்ட வேண்டாம். அங்கே வருடக்கணக்கில் வேலை செய்யப்போவது அவள்.

தேர்வு விஷயத்திலும் அவசரம் கூடாது. “இந்த வாரமே வந்து எழுதிப் பாரேன்” என்று சொல்லும் ரெக்ரூட்டர்கள் உண்டு. ஓஏஆரை வாழ்நாளில் 3 முறைதான் எழுத முடியும், நடுவே கட்டாய இடைவெளியும் உண்டு. இயந்திரவியல் பகுதி அவளுக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் கால்குலேட்டர் இல்லாமல் கணக்குப் போட்டுப் பழகி ஒரு மாதமாவது தயார் செய்துகொண்டு போகட்டும்.

நீங்கள் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. உங்கள் தவிப்பு புரிகிறது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். நாளைக்கு மாலுமிகளை வழிநடத்தப்போகிறவள், தன் விண்ணப்பத்துக்குத் தானே ஃபோன் பண்ணுகிறாளா என்பதை முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மாவோ அப்பாவோ அழைத்தால் அது அவளுக்கு எதிராகவே போகும். நீங்கள் செய்ய வேண்டிய உதவி வேறே இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ரெக்ரூட்டர் இரண்டு வாரமாகப் பதிலே சொல்லவில்லை என்றால் ஒரு முறை பணிவாக நினைவூட்டட்டும். அதற்கும் பதில் இல்லை என்றால், வட்டார அலுவலகத்தில் ஆபீசர் ரெக்ரூட்டர்களுக்கு மேற்பார்வை பார்ப்பவரைக் கேட்டுப் பேசலாம். கோபமாகப் புகார் செய்ய வேண்டாம், “என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது?” என்று கேட்டால் போதும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இவர்கள் வேறு பணிக்கு மாற்றலாகிப் போய்விடுவார்கள், அப்போது கோப்பு கைமாறும். கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நகல் அவளிடம் இருக்க வேண்டும்.

அண்ணன் மகனைப் பற்றி: கிரீன் கார்டோடு மாலுமியாகச் சேரலாம், அதிகாரியாக முடியாது. அதிகாரிப் பணிக்குக் குடியுரிமை கட்டாயம். படையில் நல்ல முறையில் பணியாற்றுகிறவர்கள் அதன் அடிப்படையில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் அவனுக்கு அந்த ஷாப்பிங் சென்டர் அலுவலகம்தான் சரியான இடம். இல்லை, இன்னும் ஓரிரு வருடத்தில் எப்படியும் குடியுரிமை வந்துவிடும் என்றால், படிப்பை முடித்துக்கொண்டு காத்திருப்பதே நல்லது என்று அவனிடம் சொல்லுங்கள்.

மருத்துவ விஷயத்தில் ஒன்றையும் மறைக்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது ரெக்ரூட்டராகவே இருந்தாலும் சரி. 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்தது என்றால்கூடத் தகுதிக்குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள், ஆனால் விலக்கு கேட்க முறை உண்டு. இப்போது பழைய மருத்துவப் பதிவுகளைக் கணினியிலேயே எடுத்துப் பார்க்கிறார்கள். மறைத்தது தெரியவந்தால் நோயைவிட அந்தப் பொய்தான் அவளைக் கவிழ்க்கும்.

இப்போது உங்கள் வேலை. பாதுகாப்புச் சோதனைக்காக எஸ்எஃப்-86 என்ற நீண்ட படிவம் ஒன்று வரும். நம்மைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள் திணறுவது இதில்தான். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள், அவர்களோடு உள்ள தொடர்பு, வெளிநாட்டுப் பயணங்கள், அங்கே அவள் பெயரில் இருக்கும் நிலம், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். ஊரில் உறவினர் இருப்பதாலேயே யாரையும் ஒதுக்கிவிடமாட்டார்கள். விட்டுப்போனதும் முன்னுக்குப்பின் முரணாக எழுதியதும்தான் சிக்கலாகும். அவள் பெயரில் தாத்தா எழுதிவைத்த மனை ஏதாவது இருக்கிறதா, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) எந்த வருடம் வாங்கினீர்கள், ஒவ்வொரு முறையும் ஊருக்குப் போன தேதி என்ன என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். பழைய பாஸ்போர்ட்டுகளை எடுத்து முத்திரைத் தேதிகளை ஒரு தாளில் எழுதிவையுங்கள். உங்கள் கூடப்பிறந்தவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் முழுப் பெயர், பிறந்த தேதி, முகவரி கேட்டு வாங்கிவையுங்கள். ஊரில் உள்ளவர்களிடம் இதையெல்லாம் வாங்கச் சில வாரம் ஆகும், அதனால் ரெக்ரூட்டர் கிடைக்கும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.